படை கிளம்பிய அடுத்த மாதம் சம்பளம் யார் போடுவது?

#1 கட்டோங்காரன்

ஆப்கானிஸ்தான் தலைநகர் காபூல் 2021 ஆகஸ்ட் 15 அன்று தாலிபானிடம் விழுந்ததைப் பற்றிப் பேச்சு வந்தாலே நம்மவர்கள் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். மூன்று லட்சம் பேர் இருந்த ராணுவம், சண்டை போடாமல் ஓடிவிட்டது, அவ்வளவுதான். எனக்கு இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அப்போதைய அதிபர் அஷ்ரஃப் கனி 2019 ஜனவரியில் வெளியே சொன்ன கணக்கு, தாம் பதவிக்கு வந்த 2014 செப்டம்பரிலிருந்து 45,000க்கும் மேற்பட்ட ஆப்கான் படையினரும் போலீஸ்காரர்களும் செத்திருக்கிறார்கள் என்பது. இத்தனை பேரைப் பலி கொடுத்தும் ஐந்தாறு வருடம் நின்ற ஒரு படையைக் கோழை என்று எப்படிச் சொல்வது?

நமக்கும் இதில் கொஞ்சம் பங்கு உண்டு, இளையவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். சிங்கப்பூர் ஆயுதப்படை 2007இலிருந்து 2013 வரை அங்கே ஆள் அனுப்பியது, மொத்தமாக ஏறக்குறைய 500 பேர். பாமியான் மாநிலத்தில் நியூசிலாந்துப் படையோடு பல் மருத்துவமனை, கட்டுமானக் குழு, மருத்துவக் குழு. அப்புறம் உருஸ்கானில் ராக்கெட் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கும் ராடார், காபூலில் பீரங்கிப் பயிற்சியாளர்கள். அந்தப் பாமியான்தான் 2011 ஜூலை 17 அன்று, நாட்டிலேயே முதலாவதாக, வெளிநாட்டுப் படைகளிடமிருந்து ஆப்கான் படைகளிடம் ஒப்படைக்கப்பட்டது. அமைதியான இடம், ஹபிபா சராபி என்ற பெண் ஆளுநர், ஒப்படைப்பு விழா நடத்த வசதியான ஊர். 2013 ஜூன் 18க்குள் நாடு முழுவதும் பாதுகாப்புப் பொறுப்பு ஆப்கானியர் கைக்குப் போய்விட்டது. காகிதத்தில்.

என்ன கைமாறியது என்று பாருங்கள். 2012 மே மாதம் சிகாகோவில் நேட்டோ நாடுகள் கூடி, 228,500 பேர் கொண்ட படை போதும், ஆண்டுக்கு 4.1 பில்லியன் அமெரிக்க டாலர் ஆகும் என்று கணக்குப் போட்டார்கள். அதில் ஆப்கான் அரசு 2015இலிருந்து கொடுக்க வேண்டியது 500 மில்லியன். மிச்சம்? மற்றவர்கள் தருவார்கள், 2024க்குள் ஆப்கானிஸ்தானே முழுதும் ஏற்றுக்கொள்ளும் என்று ஒரு நம்பிக்கை. அரசாங்கம் செலவு செய்த பணத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு வெளி உதவி என்று உலக வங்கியே சொன்ன நாடு அது. காவல் பொறுப்பு அவர்களுடையது, சம்பளம், டீசல், ஹெலிகாப்டர் பழுதுபார்க்கும் ஒப்பந்தம் எல்லாம் வேறொருவர் கையில். ஆப்கான் மெக்கானிக்குகளுக்குப் பழக்கமான எம்ஐ-17 ரஷ்ய ஹெலிகாப்டரை ஓரங்கட்டிவிட்டு அமெரிக்க பிளாக்ஹாக் கொடுத்தார்கள், அதைப் பராமரிக்க வெளிநாட்டு ஒப்பந்தக்காரர்கள் இல்லாமல் முடியாது. 2021இல் அமெரிக்கப் படையோடு சேர்ந்து அவர்களும் விமானம் ஏறினார்கள்.

என் வாதம் இதுதான்: ஒப்படைப்பு நடந்ததா இல்லையா என்று தெரிந்துகொள்ளக் கொடியிறக்க விழாவைப் பார்க்க வேண்டாம், படை கிளம்பிய அடுத்த மாதம் கான்ஸ்டபிளுக்குச் சம்பளம் யார் போட்டார்கள், எந்தப் பணத்தில் போட்டார்கள் என்று பாருங்கள்.

#2 ஜூரோங் மணி

அண்ணே, சம்பளம்தான் எல்லாம் என்றால் ஈராக்கை எங்கே வைப்பீர்கள்? அவர்களிடம் எண்ணெய் இருந்தது. சம்பளம் சொந்தப் பணத்தில்தான் போட்டார்கள். அமெரிக்கா 2011 டிசம்பர் 18 அன்று கடைசி வண்டியைக் குவைத் எல்லைக்குள் ஓட்டியது, 2014 ஜூனில் மோசுல் நகரம் சில நாளில் கைவிட்டுப் போய்விட்டது. சில ஆயிரம் ஐஎஸ் தீவிரவாத ஆட்களுக்கு முன்னால் பல மடங்கு பெரிய படை கலைந்தது.

#3 கட்டோங்காரன்

மணி, நல்ல கேள்வி, ஆனால் அங்கேயும் சம்பளப் பட்டியல்தான் என் சாட்சி. ஹைதர் அல்-அபாதி பிரதமராக வந்த பிறகு 2014 நவம்பர் கடைசியில் நாடாளுமன்றத்தில் சொன்னது நினைவிருக்கிறதா, நான்கு டிவிஷன்களில் மட்டும் 50,000 பேர் பட்டியலில் மட்டுமே இருக்கும் ஆவி வீரர்கள். இல்லாத ஆளுக்குச் சம்பளம், அல்லது பாதிச் சம்பளத்தைத் தளபதியிடம் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்கும் ஆள். பணம் இருந்தது, அது போய்ச் சேர வேண்டிய ஆளிடம் சேரவில்லை.

ஆப்கானிஸ்தானிலும் இதே கதை. 2009இல் வார்தக் மாநிலத்தில் சில டஜன் போலீஸ்காரர்களுக்கு மட்டும் கைத்தொலைபேசி வழியாகச் சம்பளம் போட்டுப் பார்த்தார்கள், ரோஷன் நிறுவனத்தின் பணச் சேவையில். பணம் வந்ததும் அவர்கள் என்ன நினைத்தார்கள் தெரியுமா, சம்பள உயர்வு கிடைத்துவிட்டது என்று! அதுவரை மூன்றில் ஒரு பங்கை மேலே இருந்தவர்கள் எடுத்துக்கொண்டிருந்தார்கள், தங்கள் முழுச் சம்பளம் எவ்வளவு என்றே இவர்களுக்குத் தெரியாது. ஒரு தளபதி, ஆட்களின் சிம் கார்டுகளை வாங்கி வைத்துக்கொண்டு தானே பணம் எடுக்கப் பார்த்தாராம். சிரிப்பு வருகிறது, ஆனால் இந்தப் போலீஸ்காரர்தான் இரவு சாவடியில் தனியாக நிற்க வேண்டும்.

#4 ஜூரோங் மணி

நீங்கள் சொல்வது திருட்டு, நான் சொல்வது அரசியல். அபாதிக்கு முன்பு ஈராக் பிரதமராக இருந்த நூரி அல்-மாலிகி தளபதிகளைத் தம் அலுவலகத்திலிருந்தே நியமித்தார், திறமையைவிட விசுவாசம் பார்த்து. கடைசி அமெரிக்க வண்டி கிளம்பிய மறுநாள், 2011 டிசம்பர் 19, துணை அதிபர் தாரிக் அல்-ஹாஷிமியைக் கைது செய்ய ஆணை வந்தது. மறுநாளே! சுன்னி ஊர்களில் அல்-காய்தாவை எதிர்த்துச் சண்டை போட்ட ஏறக்குறைய ஒரு லட்சம் பேருக்கு அமெரிக்கர்கள் மாதம் சுமார் 300 டாலர் கொடுத்து வைத்திருந்தார்கள். 2008 அக்டோபரில் அந்தப் பட்டியலை பாக்தாத்திடம் கொடுக்க ஆரம்பித்தபோது, ஐந்தில் ஒருவரைப் படையிலும் போலீஸிலும் சேர்ப்போம், மற்றவர்களுக்கு வேறு வேலை தருவோம் என்று வாக்கு. நிறைய பேருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, சிலருக்குக் கைது ஆணை கிடைத்தது.

பட்டியலைக் கொடுத்தவர்கள் நண்பர்கள் பட்டியல் என்று நினைத்துக் கொடுத்தார்கள், வாங்கியவர் சந்தேகப் பேர்வழிகள் பட்டியலாக வைத்துக்கொண்டார். இதைச் சம்பள நிர்வாகத்தால் சரி செய்ய முடியாது அண்ணே.

#5 கட்டோங்காரன்

சரி, ஒத்துக்கொள்கிறேன் என்று சொல்லமாட்டேன், யோசிக்கிறேன் என்று சொல்கிறேன் :)

#6 வல்வெட்டிப் பேரன்

இத்தனை தூரம் போவானேன். இந்தியாவின் அமைதிப்படை இலங்கையை விட்டுக் கிளம்பிய கதையை நம் தமிழ் இழையில் யாரும் எடுக்கவில்லை, ஆச்சரியம்தான். எங்கள் தாத்தா வீட்டில் அந்தக் காலத்தைப் பற்றிப் பேசினால் இரண்டு மாமாக்கள் பேசாமல் எழுந்து போய்விடுவார்கள், அதனால் நான் படித்ததைத்தான் எழுதுகிறேன்.

1987 ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தம், அந்த ஆண்டு நவம்பரில் இலங்கை அரசியல் சட்டத்தில் 13ஆவது திருத்தம், மாகாண சபைகள். 1988 நவம்பரில் வடகிழக்கு மாகாண சபைத் தேர்தல், இந்தியா ஆதரித்த தமிழ்க் கட்சியான ஈபிஆர்எல்எஃப்பின் வரதராஜப் பெருமாள் முதலமைச்சர். இதுவரை புத்தகத்தில் எழுதியதுபோல. சிக்கல் எங்கே என்றால் மாகாணத்துக்குக் காவல் அதிகாரம் உண்டு என்று சட்டத்தில் எழுதியிருந்தது, கொழும்பு அதைக் கொடுக்கவில்லை. நிதியும் கைக்கு வரவில்லை. 1989 ஜூன் தொடக்கத்தில் இலங்கை அதிபர் பிரேமதாச, ஜூலை முடிவதற்குள் கிளம்புங்கள் என்று அமைதிப்படையிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். படை போனால் தங்களைக் காப்பாற்ற யார் என்ற பயத்தில் பெருமாள் தரப்பினர் அவசர அவசரமாகத் தமிழ்த் தேசிய இராணுவம் என்று ஒன்றைக் கட்டினார்கள். எப்படிக் கட்டினார்கள்? தெருவில், பள்ளிக்கூட வாசலில், பஸ்ஸில் இருந்து பையன்களைப் பிடித்துக்கொண்டு போய், சில வாரப் பயிற்சி கொடுத்து, இந்தியா கொடுத்த துப்பாக்கியைக் கையில் திணித்து. தாய்மார்கள் முகாம் வாசலில் அழுதுகொண்டு நின்றார்கள்.

இந்தியப் படை ஒரு மாவட்டத்தைவிட்டு நகர நகர அந்தப் பையன்கள் புலிகள் முன்னால் நிற்க முடியாமல் போனார்கள். நிறைய பேர் செத்தார்கள், நிறைய பேர் சரணடைந்தார்கள், ஆயுதம் முழுக்கக் கைமாறியது. 1990 மார்ச் 1 அன்று பெருமாள் தனிநாட்டுப் பிரகடனம் என்று ஒரு தீர்மானத்தைப் படித்துவிட்டு இந்தியா போய்விட்டார். மார்ச் 24 அன்று கடைசிக் கப்பல் திருகோணமலையிலிருந்து கிளம்பியது. ஜூனில் மறுபடி போர்.

இதில் சம்பளம் எங்கே, ஆவி வீரர் எங்கே? ஊர்க்காரனுக்கு யார் மேலும் நம்பிக்கை இல்லாதபோது, போகிறவன் விட்டுப்போன படை அவனுக்கு இன்னொரு ஆயுதக் குழு மாதிரிதான் தெரியும்.

#7 தோபாயோ சிங்கம்

ஆரம்பிச்சாச்சா. இனி இந்த இழை பத்து பக்கம் ஓடும், யார் துரோகி யார் தியாகி என்று.

#8 வல்வெட்டிப் பேரன்

நான் யாரையும் துரோகி என்று சொல்லவில்லை. ஒருமுறை ஒழுங்காகப் படித்துவிட்டு எழுதுங்கள்.

#9 மட்டுறுத்துநர்

இருவரும் கொஞ்சம் நிதானம். ஈழ அரசியலுக்குத் தனி இழை இருக்கிறது. #6 இந்தத் தலைப்புக்குள்தான் வருகிறது, அது இருக்கட்டும். அதன் கீழ் வந்த வேறு மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன், காரணம் எழுதியவர்களுக்குத் தெரியும்.

#10 ஓய்வுபெற்ற சார்ஜண்ட்

நான் காவல்துறையில் இருந்தவன். எங்களோடு வேலை பார்த்த சிலர் ஐநா பணிக்காகத் தீமோர் லெஸ்தேக்கு (கிழக்குத் தீமோர்) போய் வந்தார்கள், அவர்கள் சொன்னதை வைத்தும் பிறகு படித்ததை வைத்தும் எழுதுகிறேன். இங்கே எல்லாரும் ராணுவத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். என் அனுபவத்தில் ஒப்படைப்பு கெட்டுப்போவது போலீஸ் நிலையத்தில்.

1999 செப்டம்பரில் ஆஸ்திரேலியா தலைமையில் பன்னாட்டுப் படை தலைநகர் டிலியில் இறங்கியது, நம் ஆட்களும் போனார்கள். 2002 மே 20 சுதந்திரம். அதற்கடுத்த ஐநா பணியின் படைத்தளபதியாக 2002-2003இல் இருந்தவர் நம் மேஜர் ஜெனரல் டான் ஹக் கிம். 2004 மே மாதத்தோடு உள்நாட்டுப் பாதுகாப்பு முழுக்க அந்நாட்டு அரசின் கைக்குப் போனது, 2005 மே மாதம் ஐநா படையும் கிளம்பியது. நியூயார்க்கில் இதை வெற்றிக் கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சரியாக ஒரு வருடம்கூட ஆகவில்லை, 2006 ஏப்ரல்-மே மாதங்களில் ராணுவமும் போலீஸும் டிலி தெருவில் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டன. மே 25 அன்று ஐநா கொடி பிடித்துக்கொண்டு, ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டு வெளியே நடந்து வந்த போலீஸ்காரர்களை ராணுவத்தினர் சுட்டதில் எட்டுப் பேர் செத்தார்கள். ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பேர் வீட்டைவிட்டு ஓடினார்கள், அந்நாட்டின் மக்கள்தொகையே பத்து லட்சம் அளவில்தான்.

ஏன் அப்படி ஆனது? விதை ஆள் எடுத்தபோதே போடப்பட்டது. இந்தோனேசிய ஆட்சியை எதிர்த்துக் காட்டில் இருந்து போராடிய ஃபலிந்தில் வீரர்கள் சுமார் 1,900 பேர். 2001இல் புதிய ராணுவத்தின் முதல் பட்டாளத்துக்கு எடுத்தது 650 பேர். மற்றவர்களுக்குக் கொஞ்சம் பணமும் பயிற்சியும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அதே நேரத்தில் போலீஸை ஐநா அவசரமாகக் கட்டியது, அனுபவம் வேண்டுமே என்று இந்தோனேசியக் காலத்துப் போலீஸ்காரர்கள் முந்நூறு பேருக்கு மேல் உள்ளே வந்தார்கள். காட்டில் பட்டினி கிடந்தவன் வீட்டில் சும்மா இருக்கிறான், அவனைத் தேடி வந்தவன் புது யூனிஃபார்மில் நிற்கிறான். அப்புறம் 2006இல் ராணுவத்தில் மேற்கு மாவட்டத்துக்காரர்கள் பதவி உயர்வில் பாகுபாடு என்று மனு கொடுத்தார்கள், சுமார் 590 பேரை ஒரே அடியாக வேலையைவிட்டு நீக்கினார்கள், படையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்! உள்துறை அமைச்சர் ரொஜேரியோ லோபாத்தோ பொதுமக்களுக்கு ஆயுதம் கொடுத்தார், அதற்காகப் பின்னால் சிறைத் தண்டனையும் வாங்கினார்.

போலீஸும் ராணுவமும் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும், எது யாருடைய வேலை என்று எழுதி வைக்காமல் இரண்டு அமைச்சர்களிடம் இரண்டு படையைக் கொடுத்துவிட்டு ஐநா கிளம்பியது. சம்பளம் ஒழுங்காகத்தான் வந்தது, கட்டோங் தம்பி.

#11 பிடோக் மீனா

சார்ஜண்ட் ஐயா, ஐநா மறுபடி வந்து இரண்டாம் முறை ஒப்படைத்தபோது என்ன செய்தார்கள்? அதையும் சொல்லுங்கள், பாதியில் விட்டால் எப்படி.

#12 ஓய்வுபெற்ற சார்ஜண்ட்

இரண்டாம் முறை போலீஸ் பொறுப்பை மாவட்டம் மாவட்டமாகக் கொடுத்தார்கள். 2009 மே மாதம் கிழக்குக் கோடியில் லவுதெம் முதலில், 2011 மார்ச்சில்தான் நாடு முழுவதும் முடிந்தது. ஐநா போலீஸ் அதற்குப் பிறகும் கூடவே இருந்து 2012 கடைசியில் கிளம்பியது. ஒவ்வொரு மாவட்டத்திலும் வண்டி இருக்கிறதா, லாக்கப் இருக்கிறதா, புகார் எழுதத் தெரியுமா என்று ஒரு சோதனைப் பட்டியல். உண்மையைச் சொன்னால் பல இடத்தில் பட்டியலில் பாதி தேறவில்லை, ஆனால் எங்கள் நாடு எங்கள் போலீஸ் என்று அரசாங்கம் பிடிவாதமாக நின்றது, ஐநாவும் விட்டுக்கொடுத்தது. அது ஒன்றும் தப்பாகப் போகவில்லை.

அதைவிடப் பெரிய விஷயம் பணம். 2005இல் எண்ணெய் நிதியம் ஆரம்பித்திருந்தார்கள், எண்ணெய் வருமானம் வந்துகொண்டிருந்தது. 2008இல் நீக்கப்பட்ட அந்த வீரர்களுக்கு ஆளுக்கு 8,000 அமெரிக்க டாலர் கொடுத்துக் கணக்கை முடித்தார்கள். வீடு இழந்தவர்களுக்கு 4,500 டாலர் வரை. பழைய போராளிகளுக்கு ஓய்வூதியம். மிரட்டினால் காசு கிடைக்கும் என்று சொல்லிக்கொடுப்பதாக வெளிநாட்டு ஆலோசகர்கள் முகம் சுளித்தார்கள். ஆனால் முகாம்கள் காலியாகின. போன வருடம் அக்டோபரில், அதாவது 2025இல், அந்த நாடு ஆசியானில் உறுப்பினராகவே ஆகிவிட்டது.

#13 கட்டோங்காரன்

பார்த்தீர்களா, கடைசியில் பணம்! :) சும்மா சொன்னேன் ஐயா. ஆனால் இதில் ஒன்று கவனிக்க வேண்டும், அந்தப் பணம் அவர்களுடைய சொந்தப் பணம், யாருக்குக் கொடுப்பது என்று அவர்களே முடிவு செய்தார்கள். ஆப்கானிஸ்தானில் இந்த இரண்டும் இல்லை.

#14 செம்பவாங் பாலா

அப்பா இங்கே பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர், பட்டறையில். 1968 ஜனவரியில் பிரிட்டிஷ் பிரதமர் ஹேரால்ட் வில்சன் அரசு கிளம்புகிறோம் என்று அறிவித்ததும் எங்கள் பக்கம் இழவு வீடு மாதிரி ஆகிவிட்டது என்பார். தளங்களைச் சுற்றி வந்த வருமானம் நாட்டு வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு. செம்பவாங்கில் மலையாளிகளும் தமிழர்களும் எத்தனை குடும்பம்! சிலர் ஊருக்கே திரும்பிப் போனார்கள்.

ஆனால் பாருங்கள், கையில் தேதி இருந்தது. அதை லீ குவான் இயூ லண்டனில் போய்ப் பேசி 1971 கடைசி வரை தள்ளினார். தளங்களை என்ன செய்வது என்று பார்க்கவே தனித் துறை ஒன்றை வைத்தார்கள், ஹான் சுய் சென் பொறுப்பில். 1968 டிசம்பரில் கப்பல் பட்டறையைப் பெயருக்கு ஒரு வெள்ளி வாங்கிக்கொண்டு சிங்கப்பூரிடம் கொடுத்தார்கள், அது வணிகப் பட்டறையாக மாறியது, அப்பா அதே கேட் வழியாக வேலைக்குப் போனார். தேசிய சேவை 1967இலேயே தொடங்கியாகிவிட்டது. 1971 நவம்பரில் ஐந்து நாட்டுத் தற்காப்பு ஏற்பாடு. ஒப்படைப்பு என்றால் இப்படிச் செய்ய வேண்டும்.

#15 ஜூரோங் மணி

பாலா அண்ணே, மரியாதையோடு சொல்கிறேன், இது ஒப்பீடே இல்லை. இங்கே 1971இல் போர் முடிந்த நிலையா? நீதிமன்றம் ஓடியது, வரி வசூல் ஆனது, கிளார்க்குகள் இருந்தார்கள், காட்டில் ஆயுதத்தோடு யாரும் காத்திருக்கவில்லை. வாடகைக்காரர் காலி செய்துவிட்டுப் போவதும் எரிந்த வீட்டைக் கையில் கொடுத்துவிட்டுப் போவதும் ஒன்றா?

#16 பழைய பேப்பர் பைத்தியம்

ஒப்பிட வேண்டும் என்றால் 1945ஐ எடுங்கள். ஜப்பான் ஆகஸ்ட் 15 அன்று சரண், பிரிட்டிஷ் படை சிங்கப்பூரில் இறங்கியது செப்டம்பர் 5, கையெழுத்து செப்டம்பர் 12. இடையில் மூன்று வாரம். அந்த மூன்று வாரத்தில் மலாயாவில் கம்யூனிஸ்டுகளின் மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படை காட்டைவிட்டு வெளியே வந்து ஊர் ஊராகத் தீர்ப்பு வழங்கிக்கொண்டிருந்தது, பத்து பஹாட் பக்கம் இனச் சண்டையும் நடந்தது. அதற்குப் பிறகு வந்த பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகம் 1946 ஏப்ரல் 1 வரை. ஜப்பானியர் அடித்த வாழைமர நோட்டு செல்லாது என்று ஒரே அறிவிப்பில் மக்கள் சேமிப்பு காணாமல் போனது, அரிசி கள்ளச் சந்தையில், அதிகாரிகள் லஞ்சம் என்று ஊரே சிரித்தது.

எதிர்ப்புப் படையை 1945 டிசம்பரில் கலைத்து ஆளுக்கு 350 வெள்ளி கொடுத்து அனுப்பினார்கள். துப்பாக்கிகளில் ஒரு பகுதியைத்தான் ஒப்படைத்தார்கள், மிச்சம் காட்டில் புதைந்து கிடந்தது. 1948 ஜூனில் கம்யூனிஸ்ட் கலகம், அவசரகாலம். சார்ஜண்ட் ஐயா சொன்ன தீமோர்க் கதையையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

#17 சட்டம் படித்தவள்

எல்லாரும் சீருடைக்காரர்களையே பார்க்கிறீர்கள். ஒரு போலீஸ்காரர் நேர்மையாக ஒருவனைப் பிடித்துக் கொண்டுவந்தால், அப்புறம்? நீதிபதி வேண்டாமா?

ஆப்கானிஸ்தானில் பெரும்பாலான ஊர்ச் சண்டை நிலம், தண்ணீர், கல்யாணம். அரசு நீதிமன்றத்துக்குப் போனால் மாவட்டத் தலைநகர் வரை நடக்க வேண்டும், லஞ்சம் கொடுக்க வேண்டும், வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். தாலிபானின் நடமாடும் நீதிபதி ஊருக்கே வந்து சில நாளில் தீர்த்துவிடுவார். தீர்ப்புக் கொடுமையாக இருக்கலாம், பெண்களுக்கு அநியாயமாக இருக்கும், ஆனால் தீர்ப்பு நடைமுறைக்கு வரும். அவர்களைப் பிடிக்காதவர்கள்கூட வழக்கை அங்கே கொண்டுபோனார்கள். ராணுவ ஒப்படைப்பு அட்டவணையில் எந்த மாவட்டத்தில் எத்தனை பட்டாளம் என்று இருந்தது, எந்த மாவட்டத்தில் நீதிபதி உட்கார்ந்திருக்கிறார் என்பது அதே அளவுக்கு யாரையும் தூங்கவிடாமல் செய்ததாகத் தெரியவில்லை.

இன்னொன்று, 2004 அரசியல் சட்டப்படி மாநில ஆளுநரை அதிபர் நியமிப்பார். மேயரை மக்கள் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அதே சட்டத்தில் இருந்தது, அந்தத் தேர்தல் நடக்கவே இல்லை. மாவட்ட சபைத் தேர்தலும் நடக்கவில்லை. அப்படியென்றால் ஒப்படைப்பு என்பது உள்ளூர் மக்களிடம் ஒப்படைப்பா? வெளிநாட்டுத் தளபதியிடமிருந்து காபூலில் இருக்கும் ஒருவரிடம் போனது. காந்தஹாரில் இருக்கும் ஒரு விவசாயிக்கு இரண்டுமே தூரம்தான்.

#18 என்எஸ் முடிக்கப்போறவன்

இவ்வளவும் படித்தேன். ஒரு சின்னக் கேள்வி, கிண்டல் பண்ணாதீங்க. அப்படின்னா நம்ம மாதிரி சின்ன நாடு ஏன் போகணும்? பாமியானில் பல் பிடுங்கினதால என்ன மிச்சம்?

#19 ஓய்வுபெற்ற சார்ஜண்ட்

தம்பி, பல் வலி வந்தவனிடம் கேட்டால் பதில் வேறு மாதிரி வரும்.

#20 கட்டோங்காரன்

தம்பி கேட்டது சின்னக் கேள்வி இல்லை. நம் ஆட்கள் செய்ததை இரண்டாகப் பிரித்துப் பார்க்கலாம். மருத்துவமனை, கட்டடம், பல் மருத்துவம் அந்த நேரத்துக்கு உதவின, உள்ளூர் மருத்துவ ஊழியர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது கொஞ்ச காலம் நின்றிருக்கும். ராடார் என்பது நேச நாட்டு முகாமைக் காப்பாற்ற. நாம் போனது அந்த நாட்டை நிமிர்த்திவிடலாம் என்ற எண்ணத்தில் மட்டும் இல்லை, நாளை நமக்கு நண்பர்கள் வேண்டும் என்பதும்தான், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை என்பது என் கருத்து. 2021 ஆகஸ்டில் ஆகாயப்படையின் ஏ330 விமானம் கத்தாருக்குப் போய் ஆட்களை ஏற்றியதும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

சட்டம் படித்தவள் சொன்னது எனக்கு உறைத்தது. 2021 கோடையில் காந்தஹாரில் பல மாதம் சம்பளம் வராத போலீஸ்காரர்களுக்கு ஒரு நாள் ரேஷன் என்று அழுகிய உருளைக்கிழங்கு ஒரு பெட்டி வந்த செய்தியை நான் இதுவரை திருட்டுக் கதையாகத்தான் படித்தேன். அந்தப் போலீஸ்காரன் யாரிடம் போய்ப் புகார் சொல்வான்? தளபதியை நியமித்தவர் காபூலில், நீதிபதி இல்லை, மாவட்ட சபை இல்லை. தாலிபான் ஊர்ப் பெரியவர்களை அனுப்பி, துப்பாக்கியை வைத்துவிட்டு வீட்டுக்குப் போ, வழிச் செலவுக்குப் பணம் தருகிறோம் என்றது. போனான்.

#21 ஜூரோங் மணி

அதோடு தோஹாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2020 பிப்ரவரி 29 ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது அமெரிக்காவும் தாலிபானும். ஆப்கான் அரசு அந்த மேசையிலேயே இல்லை, ஆனால் 5,000 கைதிகளை விடுவிக்க வேண்டியது அந்த அரசு. நாட்டை யாரிடம் ஒப்படைக்கிறார்களோ அவரைக் கேட்காமலே தேதி குறித்தார்கள். பாக்ராம் விமானத் தளத்தைவிட்டு அமெரிக்கர்கள் 2021 ஜூலை தொடக்கத்தில் இரவோடு இரவாக விளக்கை அணைத்துவிட்டுக் கிளம்பினார்கள், தங்களுக்குச் சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும் என்று புது ஆப்கான் தளபதியே சொன்னார். அதற்குள் கொள்ளைக்காரர்கள் உள்ளே புகுந்துவிட்டார்கள். பாலா அண்ணன் சொன்ன ஒரு வெள்ளிப் பட்டறையை இங்கேதான் நினைக்கத் தோன்றுகிறது, அந்த அளவுக்கு ஒத்துக்கொள்கிறேன்.

#22 பிடோக் மீனா

எல்லாம் தோல்விக் கதையாகவே இருக்கிறதே. உருப்பட்டது ஒன்றுமே இல்லையா?

#23 பழைய பேப்பர் பைத்தியம்

லைபீரியாவைப் பாருங்கள் மீனா. 2003இல் போர் முடிந்தது, ஐநா படை ஒரு கட்டத்தில் 15,000 பேர். பழைய ராணுவத்தை முழுக்கக் கலைத்து ஆள் ஆளாகப் பின்னணி விசாரித்துப் புதிதாக 2,000 பேர் அளவில் ஒரு படை. சின்னப் படை, நாட்டால் தாங்கக்கூடியது, இந்த எண்ணை ஆப்கானிஸ்தானின் எண்ணோடு ஒப்பிடுங்கள். 2016 ஜூன் 30 அன்று பாதுகாப்பு முழுக்க லைபீரியர் கைக்கு வந்தது, ஆனால் ஐநா உடனே மூட்டை கட்டவில்லை, 2017 தேர்தல் முடிந்து, 2018 ஜனவரியில் ஜார்ஜ் வியா பதவியேற்று, மார்ச்சில்தான் கதவைச் சாத்தியது. தலைநகர் மன்ரோவியாவைத் தாண்டினால் போலீஸ் குறைவு, வண்டி இருந்தால் பெட்ரோல் இல்லை, அந்தப் புகார் ஓயவில்லை. போர் மட்டும் திரும்பி வரவில்லை.

#24 வல்வெட்டிப் பேரன்

லைபீரியாவில் போர் செய்தவர்கள் களைத்துப்போயிருந்தார்கள், அதிபராக இருந்த சார்ல்ஸ் டெய்லரை நாட்டைவிட்டே அனுப்பியிருந்தார்கள். அது பாதி வேலை. காத்திருக்கும் எதிரி இல்லாத இடத்தில் ஒப்படைப்பது சுலபம்.

மேலே சட்டம் படித்த அக்கா எழுதியதைப் படித்தபோது ஒன்று தோன்றியது. படை, போலீஸ், நீதிபதி எல்லாவற்றையும் யார் யாரிடம் கொடுப்பது என்று பேசுகிறோம், கொடுக்க வேண்டியவர் கொடுக்க மறுத்தால் என்ன செய்வது என்பதற்கு இந்த இழையில் யாரிடமும் பதில் இல்லை. 13ஆவது திருத்தத்தில் மாகாணத்துக்கு எழுதிய காவல் அதிகாரம் 1987இலிருந்து சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. அமைதிப்படை போய், போர் வந்து, போர் 2009இல் முடிந்து, எத்தனையோ அதிபர்கள் மாறியாகிவிட்டது. இன்னும் கொடுக்கவில்லை.

#25 சட்டம் படித்தவள்

அதற்கு உத்தரவாதம் கொடுத்த நாடு பக்கத்திலேயே இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள் தம்பி. அடிக்கடி அறிக்கையில் நினைவூட்டுவார்கள், அதற்கு மேல் ஒன்றும் நடக்காது. உத்தரவாதம் கொடுத்தவருக்குப் படை இருந்தபோது பேசும் பலம் இருந்தது, படையை எடுத்த பிறகு கடிதம் எழுதும் பலம்தான். அதனால்தான் நான் சொல்வேன், எழுதியதைக் கொடுக்க வைக்க வேண்டியது கிளம்புவதற்கு முன்னால். இந்தியாவுக்கு 1989இல் அந்த அவகாசம் இருந்ததா என்பது வேறு வழக்கு, ஆயிரத்துக்கும் மேல் வீரர்களை இழந்து, கொழும்பும் புலிகளும் சேர்ந்தே போகச் சொன்ன பிறகு எந்த அரசாங்கம் நின்றிருக்கும்?

#26 கட்டோங்காரன்

அப்படியென்றால் தலைப்பில் இருக்கும் என் கேள்விக்கு முன்னால் இன்னொரு கேள்வி வருகிறது, சம்பளம் போடும் அதிகாரம் யாருக்கு என்று எழுதிக் கையெழுத்தானதா, அது படை இருக்கும்போதே நடைமுறைக்கு வந்ததா. மணி, இதற்காவது ஒத்துக்கொள்வாயா?

#27 ஜூரோங் மணி

பாதி. மாலிகிக்கு எல்லா அதிகாரமும் எழுத்தில் இருந்தது அண்ணே, படை இருக்கும்போதே நடைமுறையிலும் இருந்தது. நாளைக்குக் காலை ஷிப்ட், மிச்சத்தை வார இறுதியில் எழுதுகிறேன்.